வீட்டிலிருந்தே வேலை என்றால் அமெரிக்க விசா படிவத்தில் எந்த முகவரி?

கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு வீட்டிலாவது பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு அவர்களில் நிறையப் பேர் ஆபீஸ் பக்கமே போவதில்லை. டெக்சஸில் ஒரு அபார்ட்மென்ட் அறையிலிருந்து லாகின் செய்கிறார்கள், பொங்கலுக்கு வந்தால் இங்கே மாடி அறையிலிருந்து லாகின் செய்கிறார்கள். விசா படிவம் மட்டும் எல்லாரும் காலையில் டிபன் கட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள் என்ற நினைப்பிலேயே இன்னும் இருக்கிறது. அதனால் முகவரி கட்டம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. கம்பெனி தலைமையகமா, வாடகை வீடா, தபால் பத்திரமாக வந்து சேரும் மச்சான் வீடா, ஊர் விலாசமா?

முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் படிவங்கள் கேட்கிற முகவரி ஐந்து வகை: நீங்கள் தூங்கி எழும் இடம், வேலை நடக்கும் இடம், கம்பெனி இருக்கும் இடம், தபால் வர வேண்டிய இடம், சொந்த நாட்டு விலாசம். ஆபீஸ் போய்வந்த காலத்தில் இவை தனித்தனியாக நின்றன, குழப்பமில்லை. வீட்டிலிருந்து வேலை என்றதும் முதல் இரண்டும் ஒரே கதவு எண்ணில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, மற்றதும் சேர்ந்து குழம்புகிறது. கட்டத்தின் தலைப்பைப் படித்து, அது ஐந்தில் எதைக் கேட்கிறது என்று முடிவு செய்து, கையெழுத்துப் போடும் நாளில் எது உண்மையோ அதை எழுத வேண்டும். எது வசதி, எது பார்க்க கௌரவமாக இருக்கும் என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை. நான் வக்கீல் இல்லை, கடைசி வார்த்தை உங்கள் கம்பெனி வக்கீலுடையதுதான். ஆனால் அவருக்குச் சரியான தகவலைக் கொடுக்க வேண்டியது நீங்கள். பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஆள் வீடு மாறி ஆறு மாதம் ஆகியிருக்கும், எச்ஆருக்கே தெரிந்திருக்காது.

எச்-1பி: எல்லாம் எல்சிஏயில் தொடங்குகிறது

எச்-1பியில், அதாவது படித்த வேலைக்குக் கம்பெனி மூலம் கிடைக்கும் விசாவில், வேலை இடத்தைத் தீர்மானிப்பது கம்பெனி குடிவரவுத் துறைக்குப் போடும் ஐ-129 மனு இல்லை, அதற்கு முன்னால் தொழிலாளர் துறையில் போடும் எல்சிஏ, அதாவது சம்பளம், வேலை நிபந்தனைகளுக்கு உறுதி தரும் ஈடிஏ-9035 படிவம். வாரம் ஐந்து நாளும் வீட்டிலிருந்து வேலை என்றால் உங்கள் வீடுதான் வேலை இடம். அபார்ட்மென்ட் எண் உட்பட அந்த முகவரி எல்சிஏயில் ஏற வேண்டும். கம்பெனி சிகாகோவில், நீங்கள் டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் என்றால், சிகாகோவை வேலை இடமாகக் காட்டக்கூடாது. அந்த முகவரியை வைத்துத்தான் அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நடப்புச் சம்பளம் என்ன என்று நான்கு படிநிலையில் பார்க்கிறார்கள். அந்தத் தொகை, கம்பெனி அதே வேலைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாமல் உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். இடம் தப்பு என்றால் சம்பளக் கணக்கே தப்பு.

வாரம் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு என்று மாறி மாறிப் போகிறவர்கள் இரண்டு முகவரியையும் போடச் சொல்லுங்கள். ஒரே எல்சிஏயில் பத்து இடம் வரை காட்டலாம், அதனால் இடமில்லை என்ற பேச்சே கிடையாது. வீடும் ஆபீஸும் ஒரே பெருநகர வட்டாரத்தில் இருந்தால் வீட்டைத் தனியாகக் காட்டாத வக்கீல்களும் உண்டு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் காட்டச் சொல்வேன், செலவு ஒன்றும் இல்லை, எல்சிஏவுக்குக் கட்டணமே கிடையாது.

அப்புறம் அந்த நோட்டீஸ் விஷயம். எல்சிஏ போட்டால் வேலை நடக்கும் இடத்தில் கண்ணில் படும்படி இரண்டு இடத்தில் பத்து நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும், அல்லது மின்னணு முறையில் சக ஊழியர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும். வேலை இடம் உங்கள் வீடு என்றால்? வீட்டிலேயே ஒட்ட வேண்டியதுதான். சுவாமிமலை முருகன் படம் போட்ட காந்தத்தின் கீழே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள், மேஜைக்கு மேலே சுவரில் ஒரு தாள், அதில் உங்கள் வேலையின் பெயரும் சம்பளமும். பார்க்கப்போவது நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும்தான், வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் சட்டம் அப்படி. எந்தத் தேதியில் ஒட்டினோம், எப்போது எடுத்தோம் என்று எழுதி எச்ஆருக்கு அனுப்பிவிடுங்கள், அது கம்பெனியின் பொதுப் பார்வைக் கோப்பில் போய்ச் சேரும்.

எல்சிஏ விவரங்களைத் தொழிலாளர் துறை தன் தளத்தில் பொதுவில் போடுகிறது, வேலை இட முகவரியும் அதில் உண்டு. அதாவது உங்கள் வீட்டு முகவரியும் சம்பளமும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கும் ஒரு பட்டியலில் இருக்கும். சிலருக்கு இது பிடிக்காது, அதற்காக ஆபீஸ் முகவரியைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். கேட்காதீர்கள்.

எல்சிஏ நகலை வேலையில் சேரும் நாளுக்குள் உங்களுக்குக் கொடுக்க வேண்டியது கம்பெனியின் கடமை. நிறையப் பேர் அதை வாங்கியே வைத்துக்கொள்வதில்லை. இதைப் படிக்கும் கையோடு எச்ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டு வாங்குங்கள், உங்கள் வேலை இடம் என்று அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கீழே சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

ஐ-129 மனுவுக்கு வந்தால், பகுதி 1இல் கேட்பது கம்பெனி முகவரி, பகுதி 3இல் நீங்கள் அமெரிக்காவில் குடியிருக்கும் முகவரி, பகுதி 4இல் வெளிநாட்டு விலாசம், பகுதி 5இல் வேலை நடக்கும் இடம். முழுக்க வீட்டிலிருந்து வேலை என்றால் பகுதி 3இலும் 5இலும் ஒரே முகவரி வரும். அது தப்பில்லை, எல்சிஏயோடு பொருந்துகிறதா என்பதுதான் விஷயம். கன்சல்டிங் கம்பெனி மூலமாக ஒரு கிளையன்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் கிளையன்ட் பெயரை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எல்சிஏயிலும் ஐ-129இலும் வேறொரு நிறுவனத்துக்காக வேலை நடக்கிறதா என்ற மாதிரி கேள்விகள் உண்டு, வீட்டில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அதற்கு இல்லை என்று பதில் ஆகிவிடாது.

மனுவில் காட்டிய வேலை இடத்துக்கு அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் ஆட்கள் சொல்லாமல் வந்து பார்க்கலாம். அந்த இடம் உங்கள் வீடாக இருந்தால் கதவைத் தட்டுவது உங்கள் கதவைத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள், யாரோ மிரட்ட வந்திருக்கிறார்கள் என்று பயந்துபோகாமல் இருப்பார். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, என்ன வேலை, எவ்வளவு சம்பளம், யாருக்குக் கீழே வேலை என்று கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும். கம்பெனிக்கும் உடனே தெரியப்படுத்துங்கள்.

வீடு மாறினால்

இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். வாடகை குறைவு, மாமா பக்கத்தில் இருக்கிறார், பள்ளிக்கூடம் நல்லது என்று வீடு மாறுவோம், லேப்டாப் அதே லேப்டாப், மானேஜர் அதே மானேஜர், வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனால் எச்-1பி கணக்கில் வேலை இடம் மாறிவிட்டது.

பார்க்க வேண்டியது புது வீடு பழைய பெருநகர வட்டாரத்துக்குள் இருக்கிறதா என்பது. அதை எம்எஸ்ஏ என்பார்கள். மாநில எல்லைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வட கரோலைனாவின் சார்லட்டிலிருந்து தென் கரோலைனாவின் ஃபோர்ட் மில்லுக்குப் போனால் மாநிலமே மாறுகிறது, ஆனால் வட்டாரம் ஒன்றுதான். ஃபிரிஸ்கோவிலிருந்து இர்விங் போனாலும் அப்படியே. ஆனால் டல்லாஸ் பக்கத்திலிருந்து ஆஸ்டின் போனால், டெக்சஸுக்குள்ளேதான் இருக்கிறோம் என்றாலும் வேறு வட்டாரம்.

வட்டாரத்துக்குள் மாறினால் புது மனு வேண்டாம். பழைய எல்சிஏ நோட்டீஸைப் புது வீட்டில் வேலை தொடங்கும் நாளிலோ அதற்கு முன்னோ ஒட்டிவிட்டு, கம்பெனிக்குச் சொன்னால் ஆயிற்று. வட்டாரம் தாண்டினால் புது எல்சிஏ எடுத்து, திருத்திய எச்-1பி மனு போட வேண்டும், மாறிய பிறகு இல்லை, மாறுவதற்கு முன். 2015 ஏப்ரலில் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் வந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது, 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1பி விதி அதை விதிப்புத்தகத்திலேயே ஏற்றிவிட்டது. நல்ல செய்தி, திருத்திய மனு ஒப்புதலாகும் வரை காத்திருக்க வேண்டாம், தாக்கல் ஆனாலே புது இடத்தில் வேலை தொடங்கலாம். எல்சிஏ வர ஏழு வேலை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே எச்ஆரிடம் பேசுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது மெயில் போட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்?

தற்காலிகமாக வேறு ஊரில் வேலை செய்ய 30 நாள், சில சமயம் 60 நாள் வரை விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது கம்பெனி உங்களை அனுப்பி, தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் கம்பெனி கொடுக்கும் சூழ்நிலைக்காக எழுதியது. அண்ணன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்பதற்கு அதை வளைக்கப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வக்கீல் எழுத்தில் சரி என்று சொன்னால் ஒழிய வேண்டாம்.

சம்பளச் சீட்டையும் ஒரு முறை பாருங்கள். எந்த மாநிலத்துக்கு வரி பிடிக்கிறார்கள்? நீங்கள் ஜார்ஜியாவில் இருந்துகொண்டு சீட்டில் நியூஜெர்சி என்று வந்தால், பின்னால் கிரீன் கார்டு கட்டத்தில் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பள-வரிச் சான்றுகளை அடுக்கி வைக்கும்போது அந்த முரண் தானாகவே பேசும்.

பெர்ம், ஐ-140: இன்றைய வேலை இல்லை, நாளைய வேலை

பெர்ம் என்பது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி தொழிலாளர் துறையிடம் வாங்கும் ஒப்புதல், ஐ-140 அதற்குப் பிறகு போடும் மனு. எல்சிஏயில் வீடு, பெர்மில் பாஸ்டன் தலைமையகம், இரண்டும் முட்டுகிறதே என்று பதறிப்போய்க் கேட்கிறவர்கள் உண்டு. பதற வேண்டாம். எச்-1பி இன்று நீங்கள் செய்யும் வேலையைப் பற்றியது, கிரீன் கார்டு கிடைத்த பிறகு கம்பெனி தரப்போகும் வேலையைப் பற்றியது பெர்ம். இரண்டிலும் இடம் வேறாக இருக்கலாம், சொல்வது உண்மையாக இருந்தால் போதும்.

பெர்மில் கேள்வி இப்படிப் போகும். அந்த வேலையை அமெரிக்காவில் எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் வேலை இடமாகத் தலைமையகத்தைக் காட்டுவதுதான் வழக்கம். நிலையான வேலை இடம் இல்லாதவர்களுக்குத் தலைமையகத்தை வைத்துக்கொள்ளலாம் என்று 1994லேயே தொழிலாளர் துறையில் ஒரு சுற்றறிக்கை வந்தது, வக்கீல்கள் இன்னும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடப்புச் சம்பளத்துக்கான ஈடிஏ-9141, ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் வரும் இரண்டு விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் போடும் அறிவிப்பு எல்லாம் அந்தத் தலைமையக வட்டாரத்தை ஒட்டியே போகும். வேலை ஒரு குறிப்பிட்ட ஊரில் உங்கள் வீட்டிலிருந்துதான் நடந்தாக வேண்டும் என்று கம்பெனி சொன்னால் கதை வேறு, அப்போது அந்த ஊர்தான் வேலை இடம்.

விளம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்ற வரி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள். அமெரிக்காவில் இருக்கும் மற்றவர்களும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறார்களா என்று பார்ப்பதற்காகத்தான் விளம்பரமே. உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை, அவர்களுக்கு மட்டும் பாஸ்டனுக்கு வந்தாக வேண்டும் என்று காட்டினால் தொழிலாளர் துறை சும்மா விடாது. 2023 ஜூன் 1 முதல் வந்த புது பெர்ம் படிவமான 9089 இந்த விவரங்களை நேராக 9141இலிருந்தே எடுத்துக்கொள்கிறது, அதனால் சம்பள விண்ணப்பம் போடும் கட்டத்திலேயே, அதாவது எல்லாவற்றுக்கும் முதலிலேயே, வேலை இடம் சரியாக முடிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு திருத்தப் பார்த்தால் திரும்ப ஆரம்பத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

பெர்ம் ஒப்புதலாகி 180 நாளுக்குள் ஐ-140 போட வேண்டும். அதன் பகுதி 6இல் வேலை நடக்கும் இடம் கேட்பார்கள், பெர்மில் என்ன இருக்கிறதோ அதுவே. இன்று நீங்கள் குடியிருக்கும் வீட்டை அங்கே நுழைக்காதீர்கள், அது பகுதி 3க்கு உரியது. நடுவில் ஊர் மாறி, கம்பெனியும் இனி வேலை அங்கேதான் என்று சொல்லிவிட்டால், புது பெர்ம் தேவைப்படலாம். ஐ-485, அதாவது கடைசிக் கட்ட கிரீன் கார்டு விண்ணப்பம், போட்டு 180 நாள் தாண்டியவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு, வேலை அதே வகையாக இருந்தால் இடம் மாறுவது பெரிய தடை இல்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஈபி-2, ஈபி-3 என்ற வேலைவழி கிரீன் கார்டு வரிசை நகரும் வேகத்தைப் பார்த்தால் அந்த 485 கட்டத்துக்கு வருவதற்குள் நாலு வீடு மாறியிருப்போம் என்பது வேறு விஷயம்.

ஊர் விலாசம் எழுதும் இடம்

ஐ-140இன் பகுதி 4 நம்மவர்கள் தடுமாறும் இடம். அமெரிக்க முகவரி கொடுத்திருந்தால் வெளிநாட்டு விலாசத்தையும் கேட்கிறது. அடுத்த வரியில், உங்கள் மொழிக்கு ரோமன் எழுத்து இல்லையென்றால் பெயரையும் அந்த விலாசத்தையும் உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள் என்கிறது. ஆமாம், அமெரிக்க அரசாங்கப் படிவத்தில் தமிழில் எழுத வேண்டும். வக்கீல் அலுவலகத்தில் இதைத் தட்டச்சு செய்யத் தெரியாமல் காலியாக விட்டுவிடுவார்கள், அல்லது ஏதாவது மொழிபெயர்ப்புத் தளத்தில் போட்டு மேலத்தெருவை மேற்குச் சாலை ஆக்கிவிடுவார்கள். நீங்களே சுத்தமாக அடித்து அனுப்பிவிடுங்கள்: பெயர், கதவு எண், தெரு, கிராமம், அஞ்சல், வட்டம், மாவட்டம், பின்கோடு.

கதவு எண்ணில் ஒரு தொல்லை இருக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் நிலைக்கு மேலே இரண்டு தகடு தொங்கும், பழைய எண் நீல எனாமலில் துருப்பிடித்துப் போய், புது எண் அலுமினியத்தில். பாஸ்போர்ட்டில் எது இருக்கிறதோ அதை எழுதுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டையும் அதே வரிசையில். ஆங்கில எழுத்துக்கூட்டலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான், தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் 'எச்' போடுவதா வேண்டாமா என்று நீங்கள் புதிதாக முடிவு செய்ய வேண்டாம்.

மாவட்டம் இன்னொரு தலைவலி. நாகப்பட்டினம் 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்தது, திருவாரூர் 1997இல் வந்தது, மயிலாடுதுறை 2020 டிசம்பரில்தான் தனி மாவட்டம் ஆனது. அதனால் சீர்காழிக்காரர் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் தஞ்சாவூர், பழைய பாஸ்போர்ட்டில் நாகப்பட்டினம், புது ஆதாரில் மயிலாடுதுறை என்று மூன்று மாவட்டம் இருக்க வாய்ப்புண்டு, ஆள் அசையாமல் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்திருந்தாலும். முகவரி கட்டத்தில் இன்றைய மாவட்டம், பிறந்த ஊர் கட்டத்தில் பாஸ்போர்ட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளது. யாராவது கேட்டால் மாவட்டம் பிரிந்தது என்று ஒரே வரியில் விளக்கிவிடலாம், அதற்காகப் பிறந்த ஊரை இன்றைய வரைபடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதக்கூடாது.

ஐ-485, தபால், ஏஆர்-11

ஐ-485 கடந்த ஐந்து வருடம் நீங்கள் குடியிருந்த இடங்களைத் தேதியோடு கேட்கும், அமெரிக்காவுக்கு உள்ளேயும் வெளியேயும். வேலை பார்த்த கம்பெனிகளின் முகவரியும் கேட்கும், அந்தக் கட்டத்தில் கம்பெனி முகவரிதான், நீங்கள் வீட்டிலிருந்து வேலை செய்தீர்கள் என்பதற்காக உங்கள் வீட்டை அங்கே போடாதீர்கள். கன்சல்டிங் ஆட்களுக்கு, சம்பளம் கொடுப்பவர்தான் முதலாளி, கிளையன்ட் இல்லை. தேதி மாதம்-நாள்-வருடம் என்ற வரிசையில் வரும் என்பதை மறந்துவிட்டு 05/04 என்று நம் பழக்கத்தில் எழுதினால் ஏப்ரல் மே ஆகிவிடும்.

தபால் முகவரி வேறு, குடியிருக்கும் முகவரி வேறு என்று காட்டலாம். தபாலுக்கு நம்பிக்கையான நண்பர் வீடு, பி.ஓ. பாக்ஸ் எல்லாம் சரி, குடியிருக்கும் இடமாக பி.ஓ. பாக்ஸ் செல்லாது. நண்பர் வீடு என்றால் 'மேற்பார்வை' (In Care Of) கட்டத்தில் அவர் பெயரைப் போடுங்கள், அவர் தபால்பெட்டியில் உங்கள் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நம் ஊர் தபால்காரர் பெயர் இல்லாவிட்டாலும் தெருவில் விசாரித்துக் கொண்டுவந்து கொடுப்பார், அங்கே பெயர் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிரீன் கார்டையும் வேலை அனுமதி அட்டையையும் அமெரிக்கத் தபால்துறை புது முகவரிக்குத் தள்ளிவிடாது, யுஎஸ்சிஐஎஸ்ஸுக்கே திரும்பிப் போகும். தபால்துறையின் இலவச முன்னறிவிப்புச் சேவையில் பதிந்து வைத்தால் இன்று என்ன வருகிறது என்று காலையிலேயே படத்தோடு மெயில் வரும், கும்பகோணத்தில் இருந்தாலும் பார்க்கலாம். வக்கீல் இருந்தால் ஜி-28 படிவத்தில் அட்டைகளை அவர் அலுவலகத்துக்கே அனுப்பச் சொல்லும் பெட்டியும் உண்டு, அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு அதுவே நல்லது என்பேன்.

அமெரிக்காவில் வீடு மாறினால் பத்து நாளுக்குள் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும், அதுதான் ஏஆர்-11. பிள்ளைகளுக்கும் துணைவருக்கும் தனித்தனியாக. செய்யாவிட்டால் 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. தபால்துறையில் முகவரி மாற்றிவிட்டேன் என்பது இதற்குக் கணக்கில்லை, கம்பெனியிடம் சொல்லிவிட்டேன் என்பதும் இல்லை. ஆன்லைன் கணக்கு வழியாக மாற்றினால் நிலுவையில் இருக்கும் மனுக்களின் ரசீது எண்களையும் சேர்த்துக் கொடுத்து ஒரே வேலையாக முடிக்கலாம். ஏஆர்-11 போட்டதால் எல்சிஏ மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்வது பெரிய தப்பு. ஒன்று நீங்கள் தூங்கும் இடத்தைச் சொல்கிறது, மற்றது வேலை நடக்கும் இடம், இரண்டையும் நீங்கள்தான் கம்பெனி மூலமாக இணைத்தாக வேண்டும்.

இங்கே, ஊரில் உட்கார்ந்து வேலை செய்யும்போது

2025 டிசம்பர் நடுவில் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் சோதிக்கத் தொடங்கியபோது, ஸ்டாம்பிங்குக்கு, அதாவது பாஸ்போர்ட்டில் விசா பதிக்க, வந்த நிறையப் பேருக்கு நேர்காணல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. சம்பா அறுப்பு முடிந்தும் திரும்பிப் போகாமல் மாடி அறையில் இரவு ஷிப்ட் ஓட்டினார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இந்த முகவரியை எல்சிஏயில் சேர்க்க வேண்டுமா என்பது. வேண்டாம். எல்சிஏ அமெரிக்காவுக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும்தான், பாபநாசமும் வலங்கைமானும் அதில் வராது. இங்கே இருந்த நாட்கள் எச்-1பியின் ஆறு வருடக் கணக்கில் சேராது, பின்னால் திரும்பக் கேட்டு வாங்கலாம், அதனால் பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு, ஐ-94 பயண வரலாறு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

ஆனால் கம்பெனிக்குத் தெரியாமல் விபிஎன் போட்டுக்கொண்டு டெக்சஸில் இருப்பது போல நடிக்காதீர்கள். இந்திய மண்ணில் செய்த வேலைக்கான சம்பளத்துக்கு இங்கே வருமான வரிக் கேள்வி வரும், இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் 183 நாள் கணக்கு ஒன்று நிபந்தனைகளோடு இருக்கிறது, கும்பகோணத்திலேயே நல்ல ஆடிட்டர் கிடைப்பார், மூன்றாவது மாதத்துக்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில் வீட்டு முகவரி என்பது நீங்கள் குடியிருக்கும் இடம். அமெரிக்க வீட்டை விடாமல் சில வாரத்துக்கு வந்தவருக்கு அது அமெரிக்க வீடுதான், தபால் முகவரி வேறு என்று சொல்லி ஊர் விலாசத்தைத் தரலாம். வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மாவோடு இருப்பவருக்கு ஊர் விலாசமே வீட்டு முகவரி. எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்ற கட்டத்தில் ஒப்புதலான மனுவில் இருக்கும் வேலை இடம், அது உங்கள் ஃபிரிஸ்கோ வீடாக இருந்தால் அதுவே. ஆபீசர் இது வீடு மாதிரி இருக்கிறதே என்று கேட்டால், ஆமாம், வீட்டிலிருந்து வேலை, எல்சிஏயிலும் இதுதான் இருக்கிறது என்று சொல்லி நகலைக் காட்டுங்கள். பாஸ்போர்ட் எங்கே திரும்பி வர வேண்டும் என்பது முன்பதிவுத் தளத்தில் தனியாகத் தேர்ந்தெடுப்பது, அதற்கும் டிஎஸ்-160 முகவரிக்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் இங்கே இருக்கும்போது கம்பெனி புதிதாக எச்-1பி மனு போடப்போகிறது என்றால் நிறுத்திக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் புது மனுக்களில், ஆள் அமெரிக்காவுக்கு வெளியே, செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாமல் இருந்தால் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபரின் பிரகடனம் வந்தது. அதனால் ஐ-129இன் பகுதி 3இல் அமெரிக்க முகவரி காலியாக இருக்கிறதா இல்லையா என்பது இப்போது வெறும் முகவரி விஷயம் இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்புவதற்காக நண்பர் வீட்டு முகவரியை அங்கே போடுவது பொய்ச் சாட்சி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படிப்பை ஒட்டிக் கிடைக்கும் பயிற்சி வேலை அனுமதியான ஓபிடியில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக: அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கான ஸ்டெம் ஓபிடியின் ஐ-983 பயிற்சித் திட்டப் படிவத்தில் பயிற்சி நடக்கும் இடம் என்று ஒரு கட்டம் உண்டு, அங்கே உண்மையில் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ அது, வீடோ கம்பெனியோ எது மாறினாலும் பத்து நாளுக்குள் பல்கலைக்கழகத்துக்குத் தெரியப்படுத்துங்கள். எச்-4 துணைவரின் வேலை அனுமதிக்கு (ஈஏடி) வேலை இடமே கேட்பதில்லை, குடியிருக்கும் முகவரியும் தபால் முகவரியும் சரியாக இருந்தால் போதும்.

ஏற்கெனவே தப்பாகப் போயிருந்தால் என்ன செய்வது? ஒப்புதலான எல்சிஏயைத் திருத்த முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், அதோடு திருத்திய மனு. வட்டாரம் தாண்டி மாறி மாதக்கணக்கில் ஆகிவிட்டது என்றால் இன்றே கம்பெனி வக்கீலிடம் சொல்லுங்கள், அடுத்த நீட்டிப்பு வரும்போது அவராகவே கண்டுபிடிப்பதைவிட இது மேல். ஐ-485இல் பழைய முகவரி ஒன்று விட்டுப்போயிருந்தாலோ தேதி மாறியிருந்தாலோ ரசீது எண்ணைக் குறிப்பிட்டு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பலாம், நேர்காணலின்போதும் அதிகாரியிடம் சொன்னால் படிவத்திலேயே திருத்திக்கொள்வார். கடிதத்தின் நகலும் அனுப்பியதற்கான ரசீதும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.